திக்கிப் பேசும் நான் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகலாமா?

தென்காசி மாவட்டத்திலிருந்து 18 வயது இளைஞர் ஒருவர் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளங்களைத் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

தமிழ் வழியில், உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர். நீட் ஒருமுறை எழுதி, இடம் கிடைக்கவில்லை. ஐந்து வயதிலிருந்து பேச்சு திக்குகிறது. ‘ப’வில் தொடங்கும் சொற்கள் வந்தால் உதடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது, அவருடைய பெயரும் ‘ப’வில்தான் தொடங்குகிறது. சின்ன வயதில் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு பேசச் சொன்னார்கள். எட்டு வயதில் நாக்குக்கு அடியிலுள்ள சவ்வை வெட்டிவிட்டார்கள். பதினோராம் வகுப்பு விடுமுறையில் ‘பத்தே நாளில் திக்குவாய் குணம்’ என்ற முகாமுக்குப் போனார். ஒரு மாதம் தங்குதடையின்றிப் பேசினார், பிறகு பழைய கதை. கோயில் பஜனையில் பாடினால் திக்குவதில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் தனியாக உட்கார்ந்து கணக்கை வாய்விட்டுச் சொன்னாலும் திக்குவதில்லை. போன் மணி அடித்தால் வியர்க்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. ‘தண்ணீர்’ என்று கேட்க முடியாத பாட்டியை, மருத்துவமனையில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் அவர் பழகிய தாலாட்டைப் பாட வைத்தார். வரி வரியாகச் சொற்கள் வந்தன. அன்றே தம்பி முடிவு செய்துவிட்டார், படித்தால் இதைத்தான் படிப்பது என்று. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “உன்னிடம் வரும் பிள்ளைகளுக்கும் திக்கு ஒட்டிக்கொள்ளும், நாலு பேர் சிரிப்பார்கள்” என்கிறார். மாமா இரண்டு யோசனைகள் சொல்லியிருக்கிறார்: 65 ஆயிரம் ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் ‘ஸ்பீச் தெரபி டிப்ளமோ’ வாங்கிச் சொந்தமாக சென்டர் தொடங்கலாம், இல்லையென்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்து ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரலாம். கடிதத்தின் கடைசி வரி: “இதைப் படித்தால் எனக்கும் சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.”

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்ற கேள்விகளுக்கெல்லாம் விதியும் விண்ணப்பமும் பதில் சொல்லிவிடும். இந்த ஒன்றுக்கு நான்தான் சொல்ல வேண்டும்: படிப்பு உங்கள் திக்கலைக் குணப்படுத்தாது. மூட்டு வலிக்காக யாரும் எலும்பு மருத்துவம் படிப்பதில்லை. குணமாகும் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தால், இரண்டாம் ஆண்டில் வகுப்பில் எழுந்து பேசும்போது திக்கும் ஒவ்வொரு முறையும் ‘நான் தோற்றுவிட்டேன்’ என்று தோன்றும். நல்ல மாணவர்கள் அந்த இடத்தில் ஒடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிக்காக இந்தத் துறைக்கு வருகிறேன் என்றால் அது உறுதியான காரணம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திக்கிப் பேசுபவர் இந்தத் துறைக்கு வரலாமா என்றால், இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமான இருவர் திக்கிப் பேசியவர்களே. அமெரிக்காவின் சார்லஸ் வான் ரைப்பர் இளமையில் வேலை தேடி அலைந்தபோது, பேசுவதற்கு அஞ்சி, காது கேளாதவர் போலவும் வாய் பேசாதவர் போலவும் நடித்து ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர். பின்னாளில், திக்கலை அடியோடு ஒழிக்கப் போராடாமல் பதற்றமின்றி இலகுவாகத் திக்கக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை முறையை உருவாக்கினார். இன்றும் எங்கள் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். இன்னொருவர் வெண்டல் ஜான்சன். அவரைப் பற்றிச் சொல்ல ஒரு கசப்பான காரணம் உண்டு, சற்றுப் பொறுங்கள்.

குறை வாயில் இல்லை

‘திக்குவாய்’ என்ற சொல்லே பழியை வாயின் மேல் போடுகிறது. அதனால்தான் ஆளுக்கு ஆள் உங்கள் வாயைக் குடைந்திருக்கிறார்கள். வசம்புக்கு நம் ஊரில் ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் ஒரு பெயர் உண்டு. தன் பெயரைச் சொல்ல முடியாத பிள்ளையின் நாக்கில் பேர் சொல்லா மருந்தைத் தேய்த்திருக்கிறார்கள்! நாக்கின் அடிச்சவ்வு இறுக்கமாக இருந்தால் சில ஒலிகளின் உச்சரிப்பு பாதிக்கப்படலாம், ஆனால் திக்கல் அதனால் வருவதில்லை. எட்டு வயதில் அந்தச் சவ்வை வெட்டியது வீண் வேலை.

பள்ளியில் எழுத்துகளின் பிறப்பு படித்திருப்பீர்கள். இரண்டு இதழும் பொருந்தினால் ‘ப’வும் ‘ம’வும் பிறக்கும். கோளாறு இதழில் என்றால், பஜனையில் ‘பழனி’ என்று பாடும்போதும் நிற்க வேண்டும், தனியாகக் கணக்குச் சொல்லும்போது ‘பத்து’ம் நிற்க வேண்டும். இரண்டும் நிற்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேச்சை நேரம் தவறாமல் தொடங்கி நடத்தும் மூளை வலைப்பின்னலில் உள்ள வேறுபாடுதான் காரணம் என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. கடிதத்தின் நடுவே சித்தப்பாவுக்கும் திக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. சிறு வயதில் சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்குத் திக்கல் வருகிறது. பெரும்பாலானவர்களுக்குத் தானே விலகி, பெரியவர்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினரிடம் நிலைக்கிறது. உங்கள் வயதில் நிலைத்துவிட்ட திக்கலைப் பத்து நாளில் போக்குவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முகாமில் சொற்களை நீட்டி நீட்டிப் பேச வைத்திருப்பார்கள். அந்தப் புதுப் பேச்சு ஒரு மாதம் தாங்கும், பிறகு உதிரும். அது உங்கள் மனஉறுதிக் குறைவு அல்ல.

இப்போது ஜான்சன். பழி வாயில் இல்லை என்று சரியாகப் பிடித்தவர் அதைக் கொண்டுபோய்ப் பெற்றோரின் காதில் வைத்தார். குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெரியவர்கள் ‘திக்கல்’ என்று முத்திரை குத்துவதால்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவருடைய கொள்கை. 1939-இல் அவருடைய மேற்பார்வையில், அயோவா மாநிலத்தின் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் 22 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். நன்றாகப் பேசிய சில பிள்ளைகளிடம் ‘உனக்குத் திக்குகிறது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பேசவே அஞ்சி ஒடுங்கினார்கள். அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-இல்.

ஜான்சன் கெட்டவர் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. தன் சொந்தத் திக்கலுக்கு விளக்கம் தேடியவர் அந்த விளக்கத்தை எல்லார் மீதும் போர்த்தினார். அந்த ஆபத்து உங்களுக்கும் உண்டு. நாளை ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் உங்கள் முன் உட்கார்ந்து திக்கும்போது, அவனிடம் உங்கள் பால்யத்தைப் பார்த்துவிடுவீர்கள். அவன் அப்பாவிடம் உங்கள் அப்பாவைப் பார்ப்பீர்கள். அதனால்தான், கல்லூரியில் சேர்வதற்கு முன்பே நல்ல ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் நோயாளியாகப் போய் உங்கள் திக்கலுக்கு வேலை செய்யத் தொடங்குங்கள் என்கிறேன். குணமாக்க அல்ல, அந்தக் கோபத்தையும் வெட்கத்தையும் வகுப்பறைக்கு வெளியே இறக்கி வைக்க.

என்ன படிப்பு இது

படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது ஆடியாலஜி, ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜி என்ற இரண்டுக்குமான இளநிலைப் பட்டம். நான்கு ஆண்டு. மூன்று ஆண்டு வகுப்பும் கிளினிக்கும், நான்காம் ஆண்டு பயிற்சிப் பணி. பெயரில் இரண்டு தொழில் இருப்பதைக் கவனியுங்கள். ‘ஏ’ என்பது ஆடியாலஜி, அதாவது செவித்திறன். பலர் பேச்சுப் பயிற்சி என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, ஒலியின் இயற்பியலும், செவித்திறனை அளக்கும் ஆடியோமீட்டரும் எதிரே நிற்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். உடற்கூறியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் எல்லாம் உண்டு. பச்சைக் குழந்தைக்கு, ஒலி கேட்கும்போது எழும் மூளை அலைகளை அளந்து செவித்திறனை அறியும் பெரா பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தை அசையாமல் தூங்கினால்தான் அது நடக்கும், தூங்க வைப்பதே அரைநாள் வேலை. தாத்தாவின் காது மெஷினைச் சரிசெய்து தர வேண்டும், அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் மாட்டிக்கொள்ளும்படி அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அறுவை சிகிச்சையில் காக்ளியர் இம்பிளான்ட் என்ற செவிக் கருவி பொருத்திய குழந்தைக்கு மாதக்கணக்கில் கேட்கக் கற்றுத்தர வேண்டும். பிளவு அண்ணம், குரல் கெட்டுப்போன ஆசிரியர், ஆட்டிசம், பக்கவாதத்துக்குப் பின் விழுங்க முடியாதவர்... இவ்வளவுக்கும் நடுவில் திக்கல் ஒரு பாடம். உங்களுக்கு அந்த ஒன்றில் மட்டும்தான் ஆர்வம் என்றால் மறுபடி யோசியுங்கள்.

உங்கள் பாட்டியின் தாலாட்டும் உங்கள் பஜனையும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றல்ல. பாட்டிக்குச் சொற்களே கைநழுவிப் போயிருந்தன. பழகிய மெட்டு அவற்றை இழுத்து வந்தது. உங்களுக்குச் சொல் தெரியும், தொடக்கம்தான் பிடிபடுவதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே, அந்தக் கண் இந்தத் தொழிலுக்கு வேண்டும்.

திக்கலால் வேலையில் இடைஞ்சலே வராது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவர் திக்கிப் பேசுபவர். செவிச் சோதனையில் சொற்பட்டியலை வாசிக்க, நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். வாசிப்பது நடுவில் நின்றால் சோதனை கெடும். முதல் வாரம் அழுதார். பதிவு செய்த சொற்பட்டியலை ஒலிபரப்பிச் சோதிக்கச் சொன்னோம், தீர்ந்தது; சொல்லப்போனால் பதிவு செய்த குரலில் சோதிப்பதே மேலான முறை. பக்கவாத நோயாளிகளோ அவரைத்தான் தேடினார்கள். ஒரு சொல்லுக்காக அரை நிமிடம் தவிக்கும்போது அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்காமல் காத்திருக்க எங்களில் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. அவருக்கு இருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்கு வருகிறேன்: திக்கல் தொற்றுவதில்லை, கேட்டுக் கேட்டும் வருவதில்லை. அப்படி வருமென்றால் உங்கள் வீட்டில் எல்லாருமே திக்க வேண்டும்.

சேரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இது துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் வருகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தோல்வி இங்கே உங்களைத் துரத்தாது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும், முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற தனியார் நிறுவனங்களிலும் இந்தப் படிப்பு உண்டு. நாட்டிலேயே மூத்த நிறுவனங்களில் ஒன்று மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். 1960-களில் தொடங்கியது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது, தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அங்கே இடம் கிடைத்தால் இரண்டாவது யோசனை வேண்டாம். கிளினிக்கில் கன்னடம் கேட்கும், ஆறு மாதத்தில் பழகிவிடும். ஆங்கில வழிப் பாடம் முதல் ஆண்டில் உங்களை வதைக்கும், அதுவும் பழகும். ஆனால் தமிழ்க் குழந்தைக்கு ‘ழ’வையும் ‘ள’வையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஆங்கிலப் புத்தகம் உதவாது, அங்கே தமிழ் வழியில் படித்த நீங்கள் முன்னால் நிற்பீர்கள்.

அந்த ஆறு மாத டிப்ளமோ

மாமா அனுப்பிய விளம்பரத்தின் படத்தைப் பார்த்தேன். ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எதற்காகப் பதிவு பெற்றது என்று இல்லை. அறக்கட்டளையாகவோ சிறு நிறுவனமாகவோ பதிவு செய்வது யாருக்கும் எளிது. அந்தப் பதிவு, சிகிச்சை சொல்லிக்கொடுக்கும் உரிமை ஆகாது. இந்தத் துறைக்கான உரிமை ஒரே இடத்திலிருந்து வருகிறது: 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம், சுருக்கமாக ஆர்.சி.ஐ. அந்தச் சட்டம் மறுவாழ்வுத் தொழில்முறையாளர்கள் யார் யார் என்று பட்டியலிடும்போது முதலில் சொல்வதே ஆடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் என்றுதான். மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. அபராதத் தொகையைப் பார்த்து மாமா சிரிக்கலாம். சிறை என்ற சொல்லையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தை விடுங்கள். இப்படி ஆறு மாதம் படித்தவர்கள் நடத்தும் சென்டர்களிலிருந்து எங்களிடம் வரும் குழந்தைகளை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு வயதில் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்திருக்க வேண்டிய குழந்தையை நான்கு வயது வரை ‘அ, ஆ சொல்லு’ என்று உட்கார வைத்திருப்பார்கள். செவிச் சோதனை செய்யாமலே! மொழி வளரும் அந்த இரண்டு ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது. உங்கள் நாக்கை வெட்டியவரும் இப்படித் தெரியாமல் செய்தவர்தானே.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டி.எச்.எல்.எஸ். என்ற, செவித்திறன், மொழி, பேச்சு பற்றிய ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது, அது மன்றத்தின் அங்கீகாரம் உள்ளதே. ஆனால் அதை முடித்தவர் உதவியாளர். தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் வேலை செய்யலாம், தனியாக சென்டர் வைக்க முடியாது. பி.ஏ.எஸ்.எல்.பி. தொலைநிலைக் கல்வியில் கிடையாது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ‘பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறது’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், எந்த ஆண்டு வரை ஒப்புதல் என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் பணம். ஒப்புதல் காலாவதியான இடத்தில் சேர்ந்தால் பட்டம் கையில் இருக்கும், பதிவு எண் கிடைக்காது.

ஒதுக்கீடு பற்றி

மாமாவின் இரண்டாவது யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதற்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருப்பதாகச் சான்று வேண்டும். சட்டத்தின் 21 வகைகளில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ உண்டு. ஆனால் அதன் வரையறை, குரல்வளை அகற்றப்பட்டவர், பாட்டியைப் போல மூளை பாதிப்பால் மொழி இழந்தவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. திக்கலை மட்டும் வைத்து அந்த 40 சதவீதத்தை எட்டுவது கடினம். விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு, மருத்துவக் குழு முடிவு செய்யட்டும். அதை நம்பிக் கலந்தாய்வுத் திட்டத்தை வகுக்காதீர்கள். ‘கூடுதலாகத் திக்கிக் காட்டு’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம், பேச்சில் குறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கல்லூரி உங்களை ஒதுக்கினால், அதை அமைதியாக ஏற்கவும் வேண்டாம். பேச்சுக் குறைபாடு 44–45 சதவீதம் என்று சான்று பெற்ற ஓம்கார் கோண்ட் என்ற மாணவருக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்டபோது, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சதவீதத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் தகுதியற்றவராக்க முடியாது, அந்தப் படிப்பை அவரால் தொடர முடியுமா என்று ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கே அப்படி என்றால், எங்கள் படிப்புக்கு மறுக்க எந்த முகம்? வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்றால் சேர்ந்த முதல் மாதமே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். தேர்வன்று காலையில் கேட்டால் யாருக்கும் கருணை பிறக்காது.

அப்பாவிடம் பேசுவது

அப்பாவின் பயத்தில் ஒரு பகுதி பணம். அதற்கு நேர்மையான பதில்: தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், சிறப்புப் பள்ளி, காது மெஷின் நிறுவனங்கள் என்று வேலைகள் உண்டு. அரசுப் பணிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. இரண்டு ஆண்டு முதுநிலையும் முடித்தால் நிலைமை மாறும். சொந்த கிளினிக் பிறகு வைக்கலாம், அதுவும் பதிவு எண்ணோடு. வெளிநாட்டுக் கனவு இப்போதைக்கு வேண்டாம், அங்கே தெரபி அந்த ஊர் மொழியில் நடக்கிறது.

மீதிப் பகுதி பணமல்ல. நீங்கள் திக்கத் தொடங்கும்போதெல்லாம் அப்பா குறுக்கே வந்து உங்கள் பெயரைத் தானே சொல்லிவிடுவார் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், கடைக்கு வருபவர்களிடமும், பள்ளியிலும், மருத்துவரிடமும். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் உங்களுக்காகப் பேசி வருகிறார். நீங்கள் வெளியூரில் நான்கு ஆண்டு தனியாக இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. வாதாடாதீர்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஸ்பீச் தெரபி பிரிவுக்கு உங்கள் சிகிச்சைக்காகப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காத்திருப்பு வரிசையில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். தெரபிஸ்ட் உங்கள் பெயரைக் கேட்கும்போது அவர் குறுக்கே வராமல் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்களே சொல்லுங்கள். கலந்தாய்வு அன்றும் அதே ஏற்பாடுதான்: அவர் கோப்பை வைத்திருக்கலாம், மேசையில் பேசுவது நீங்கள்.